நீளமான வயரிங்கில் வோல்டேஜ் குறைகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கடைசி முனையில் மீட்டரை வைத்தால் 228 வோல்ட் காட்டுகிறது. மோட்டாரைப் போட்டால் உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. வோல்டேஜ் சரியாகத்தானே இருக்கிறது, மோட்டார்தான் போய்விட்டது என்று கழற்றி வைண்டிங்குக்கு அனுப்புகிறார்கள். புதிதாகச் சுற்றி வந்த பிறகும் அதே உறுமல். நீளமாகக் கம்பி இழுத்த இடங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அந்த 228 வோல்ட், லோடு (கரண்ட் இழுக்கும் கருவி) ஓடாதபோது எடுத்த அளவு. கம்பியில் கரண்ட் ஓடினால்தான் வோல்டேஜ் விழும். டிஜிட்டல் மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்குச் சிறியது. அதனால் ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் கம்பிகூட மீட்டரில் முழு வோல்டேஜைக் காட்டிவிடும். கீழே சொல்லும் எல்லா அளவும் லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்க வேண்டியவை. சப்ளை ஓடும் சர்க்யூட்டில் அளந்து பழக்கம் இல்லாதவர்கள் பழகிய எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த முனையையும் தொடுவதற்கு முன், திருகுவதற்கு முன், சப்ளையை அணைத்து, அணைந்துவிட்டதை மீட்டரால் உறுதி செய்யுங்கள்.

முதலில் மூன்று அளவுகள்

லோடு ஓடும்போது மெயின் போர்டில் வோல்டேஜ், கடைசி முனையில் வோல்டேஜ், கிளாம்ப் மீட்டரில் (கம்பியைச் சுற்றிப் பிடித்து அளக்கும் மீட்டர்) கரண்ட். இரண்டு பேர் இருந்து ஒரே நேரத்தில் பார்த்துச் சொன்னால் நல்லது. ஒருவரே நடந்து போய் அளந்தால் அதற்குள் சப்ளையே மாறியிருக்கலாம்.

லோடு போட்டதும் மெயின் போர்டிலேயே வோல்டேஜ் சரிந்தால் குறை உங்கள் நீளக் கம்பிக்கு முன்னால், சப்ளை வரும் பக்கத்தில் இருக்கிறது. கம்பியை மாற்றி அது தீராது. மெயினில் அசையாமல் நின்று, கடைசியில் மட்டும் விழுந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

அடுத்து, எவ்வளவு விழ வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். இந்தக் கணக்கை விட்டுவிட்டுத்தான் பலரும் குழம்புகிறார்கள். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கிலோமீட்டர் செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் இவ்வளவு இருக்கலாம் என்று கேபிள் தரவிதி சொல்கிறது (ஸ்கொயர் என்றால் சதுர மில்லிமீட்டர்):

1 ஸ்கொயர் – 18.1 ஓம்
1.5 ஸ்கொயர் – 12.1 ஓம்
2.5 ஸ்கொயர் – 7.41 ஓம்
4 ஸ்கொயர் – 4.61 ஓம்
6 ஸ்கொயர் – 3.08 ஓம்
10 ஸ்கொயர் – 1.83 ஓம்
16 ஸ்கொயர் – 1.15 ஓம்

சிங்கிள் பேஸில் கரண்ட் போகவும் வேண்டும், நியூட்ரல் வழியாகத் திரும்பவும் வேண்டும். ஆகவே நீளத்தை இரண்டால் பெருக்க வேண்டும். 80 மீட்டர் தூரம், 2.5 ஸ்கொயர், 10 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 160 மீட்டர் கம்பிக்கு 1.19 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 11.9 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். கம்பி சூடேறி 70 டிகிரியைத் தொட்டால் ரெசிஸ்டன்ஸ் சுமார் 20 சதவீதம் கூடும். அப்போது 14 வோல்ட். திரீ பேஸில் லோடு சமமாக இருந்தால் இரண்டுக்குப் பதில் 1.73 ஆல் பெருக்கினால் போதும்.

இனி அளந்ததையும் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கணக்கில் 12 முதல் 14, அளந்ததிலும் 13 என்றால் கம்பி நல்ல கம்பிதான். இந்தத் தூரத்துக்கு அது போதவில்லை. கணக்கில் 12 வந்து மீட்டரில் 27 என்றால் வழியில் எங்கோ ஓரிடம் கெட்டிருக்கிறது. வீழ்ச்சி கம்பி முழுக்கப் பரவியிருக்கிறதா, ஒரே புள்ளியில் குவிந்திருக்கிறதா? எந்த அறிகுறியானாலும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். முதல் வகைக்கு வைத்தியம் பெரிய கம்பி. இரண்டாவதற்கு வைத்தியம் ஒரு ஸ்க்ரூடிரைவராகக்கூட இருக்கலாம். ஆனால் ஆபத்து இரண்டாவதில்தான் அதிகம்.

எவ்வளவு வரை பொறுக்கலாம்? பொதுச் சப்ளையிலிருந்து வரும் கட்டட வயரிங்குக்கு, விளக்குகளுக்கு 3 சதவீதம், மற்றவற்றுக்கு 5 சதவீதம் என்று ஐஇசி 60364 என்ற சர்வதேச வயரிங் தரவிதி வழிகாட்டுகிறது. 230 வோல்ட்டில் அது 6.9 வோல்ட்டும் 11.5 வோல்ட்டும். மேலே போட்ட கணக்கு இரண்டாவது வரம்பையே தாண்டிவிட்டது.

அறிகுறி: மோட்டார் உறுமுகிறது, கிளம்பவில்லை

உடனே அணையுங்கள். நின்ற நிலையில் உறுமும் மோட்டார் ஓடும் கரண்டைப்போல 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கும். சில விநாடிகளிலேயே வைண்டிங் சூடேறிவிடும்.

இண்டக்‌ஷன் மோட்டாரின் திருப்பு விசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். வோல்டேஜ் 80 சதவீதமானால் விசை 64 சதவீதம்தான். மேலே சொன்ன அதே 80 மீட்டர், 2.5 ஸ்கொயர் கம்பியில் கிளம்பும் நேரத்தில் 40 ஆம்பியர் ஓடுகிறது என்றால் கம்பியில் விழுவது 48 வோல்ட்டுக்குப் பக்கம். மோட்டாரின் கரண்டும் வோல்டேஜும் ஒரே கட்டத்தில் இல்லாததால் அந்த 48 முழுவதும் நேராகக் கழியாது. ஆனாலும் மோட்டார் முனைக்கு 200 வோல்ட்டுக்குக் கீழேதான் சேரும், விசை முக்கால் பங்காகிவிடும். காலி மோட்டார் என்றால் கிளம்பிவிடும். தண்ணீரையோ பெல்ட்டையோ சுமந்துகொண்டிருந்தால் கிளம்பாது.

மீட்டரில் மிகக் குறைந்த, மிக அதிக அளவுகளைப் பிடித்து வைக்கும் MIN/MAX பட்டன் இருந்தால் அதை அழுத்திவிட்டு, மோட்டார் முனையில் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு முறை ஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். மிகக் குறைந்த அளவு 210க்கு மேல் நின்றும் கிளம்பவில்லை என்றால் கம்பியை விட்டுவிடுங்கள். கெபாசிட்டர், பேரிங், பம்பில் அடைப்பு என்று அந்தப் பக்கம் தேடுங்கள். 190, 180 என்று பாய்ந்து இறங்கினால் கம்பிதான், அல்லது கம்பி வழியில் ஒரு ஜாயிண்ட்.

சப்மெர்சிபிள் மோட்டாரில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. போர்டிலிருந்து கிணற்று வாய் வரைக்கும் உள்ள தூரத்தை மட்டும் கணக்கில் சேர்ப்பார்கள். கிணற்றுக்குள் இறங்கும் கேபிளும் கம்பிதான். மேலே 60 மீட்டர், உள்ளே 90 மீட்டர் என்றால் கணக்கு 150 மீட்டருக்குப் போட வேண்டும்.

கிளம்பி ஓடுகிறது, ஆனால் அரை மணி நேரத்தில் ஓவர்லோடு ரிலே (கரண்ட் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு) விழுகிறது என்றாலும் வேர் இதுவாக இருக்கலாம். அதே வேலையைச் செய்ய, குறைந்த வோல்டேஜில் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். தயவுசெய்து ரிலே செட்டிங்கை ஏற்றி வைக்காதீர்கள். அந்த ரிலே மோட்டாரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

திரீ பேஸ் மோட்டாரில் மூன்று பேஸுக்கும் இடையே வோல்டேஜை முனையில் அளந்து பாருங்கள். மெயினில் மூன்றும் சமமாக இருந்து, முனையில் ஒரு பேஸ் சம்பந்தப்பட்ட இரண்டு அளவுகள் மட்டும் குறைந்தால் அந்த ஒரு கம்பியின் ஜாயிண்ட்டைத் தேடுங்கள். கம்பி முழுவதும் சிறியது என்றால் மூன்றும் சேர்ந்தே விழும்.

அறிகுறி: காண்டாக்டர் படபடவென்று அடிக்கிறது

காண்டாக்டர் என்பது காயிலின் காந்த இழுப்பால் மோட்டாருக்குச் சப்ளையைச் சேர்க்கும் ஸ்விட்ச். அதன் காயில் தன் வோல்டேஜில் 85 சதவீதம் கிடைத்தால் பிடித்தாக வேண்டும் என்பதுதான் தரவிதி. அதற்குக் கீழே உத்தரவாதம் இல்லை. ஸ்டார்டரை (காண்டாக்டர் உள்ள பெட்டி) கடைசி முனையில் மோட்டாருக்குப் பக்கத்தில் மாட்டி, காயிலுக்கும் அங்கேயே சப்ளை எடுத்திருந்தால் இப்படி நடக்கும்: காயில் பிடிக்கிறது, மோட்டார் இழுக்கிறது, வோல்டேஜ் சரிகிறது, காயில் விடுகிறது, வோல்டேஜ் மீள்கிறது, மறுபடி பிடிக்கிறது. ஒவ்வொரு அடியிலும் காண்டாக்ட் முனைகள் பொறிந்து கருகும். ஸ்டார்டரை மெயின் பக்கம் கொண்டுவந்தால் காயில் அமைதியாகிவிடும். ஆனால் மோட்டாருக்குப் போகும் வோல்டேஜ் அப்படியேதான் இருக்கும், அதை மறக்கக் கூடாது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நீளக் கம்பியில் வரும். ஸ்டாப் அழுத்தியும் காண்டாக்டர் விடவில்லை, ஸ்விட்சை அணைத்தும் எல்இடி விளக்கு மினுங்குகிறது. இது வோல்டேஜ் வீழ்ச்சி இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நெடுந்தூரம் ஓடும் கம்பிகள் கெபாசிட்டரைப் போல நடந்து, அணைத்த கம்பிக்கும் கொஞ்சம் கரண்டைக் கடத்துகின்றன. விளக்கு விஷயத்தில் ஸ்விட்ச் பேஸில்தான் இருக்கிறதா, தவறுதலாக நியூட்ரலில் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுவே விடையாகிவிடும்.

அறிகுறி: ஓரிடத்தில் சூடு, வாசனை, வெளிச்சம் தானாகக் கூடிக் குறைகிறது

இந்த இடத்தில் நிதானமாக நிற்க விரும்புகிறேன், தீ இங்கேதான் பிறக்கிறது.

ஒரு ஷெட்டில் கடைசி வரிசை விளக்குகள் மாலையில் மட்டும் மங்குவதாகச் சொன்னார்கள். கணக்கில் 7 வோல்ட் விழ வேண்டும், மீட்டரில் 15. போர்டு மூடியைத் திறந்ததும் எரிந்த மீன் வாடை போல ஒன்று வந்தது. பிளாஸ்டிக் வெந்தால் வரும் வாசனை அது. நியூட்ரல் லிங்க்கில் (நியூட்ரல் கம்பிகள் சேரும் பட்டை) ஒரு கம்பியின் கறுப்பு இன்சுலேஷன் ஸ்க்ரூவிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பேறி, சுருங்கிப் பின்னால் போயிருந்தது. உள்ளே செம்பு தெரிந்தது. செம்பு நிறத்தில் இல்லை, கத்தரிப்பூ நிறத்தில். சப்ளையை அணைத்து ஸ்க்ரூவில் கை வைத்தால் கால் சுற்று தானாக இறங்கியது. முறுக்கிய நாளில் இறுக்கமாகத்தான் இருந்திருக்கும். சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி, செம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். ஒரு முனையில் 0.3 ஓம் சேர்ந்துகொண்டு 20 ஆம்பியர் ஓடினால் அங்கே விழுவது 6 வோல்ட்தான். விளக்கு கொஞ்சம் மங்கியதாகத் தெரியும், அவ்வளவே. ஆனால் அந்த 6 வோல்ட், 20 ஆம்பியர் சேர்ந்தால் 120 வாட். ஐம்பது மீட்டர் கேபிளில் பரவினால் தொட்டாலும் தெரியாத சூடு அது. கடலை அளவு ஸ்க்ரூவில் குவிந்தால் பிளாஸ்டிக் உருகும்.

எந்த முனை என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. லோடு ஓடும்போது மீட்டரின் ஒரு முள்ளை (புரோப்) ஜாயிண்ட்டுக்கு உள்ளே வரும் கம்பியிலும், இன்னொன்றை அதே கம்பி வெளியேறும் பக்கத்திலும் வையுங்கள். பேஸுக்குப் பேஸ், நியூட்ரலுக்கு நியூட்ரல். நல்ல முனையில் சில மில்லிவோல்ட், மிஞ்சினால் சில பத்து மில்லிவோல்ட் இருக்கும். அரை வோல்ட் காட்டினால் அந்த முனையைக் கழற்றிச் சுத்தம் செய்து, கருகிய கம்பியை வெட்டிவிட்டுப் புதிதாக மாட்ட வேண்டும். கருகியதையே திரும்ப இறுக்கினால் சில மாதத்தில் அதே இடத்தில் நிற்பீர்கள்.

பேஸ் கம்பியா நியூட்ரலா என்று தெரியவில்லை என்றால் எர்த் கம்பியின் உதவி கேளுங்கள். எர்த்தில் கரண்ட் ஓடாது, ஆகவே அதில் வோல்டேஜ் விழாது. கடைசி முனையில் லோடோடு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து, மெயினில் அதே இரண்டுக்கும் இடையே உள்ளதைக் கழித்தால் கிடைப்பது நியூட்ரல் கம்பியில் மட்டும் விழும் வோல்டேஜ். இரண்டும் ஒரே அளவுக் கம்பி, ஒரே கரண்ட் என்பதால் மொத்த வீழ்ச்சியில் பாதி நியூட்ரலில் இருக்க வேண்டும். மொத்தம் 15, நியூட்ரலில் மட்டும் 11 என்றால் பேஸ் பக்கம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அப்புறம் வழியின் நடுவில் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸில் ஒரு முறை அளந்தால் கோளாறு முன் பாதியிலா பின் பாதியிலா என்று தெரிந்துவிடும். அதையும் பாதியாக்கிக்கொண்டே போனால் நான்கைந்து அளவில் பிடித்துவிடலாம்.

அலுமினியக் கேபிளும் செம்புக் கம்பியும் சேரும் இடத்தில் நேராகச் சேர்த்து முறுக்கியிருந்தால் அளக்காமலேயே அதைச் சந்தேகப்படலாம். இரண்டு உலோகத்துக்கும் பொருத்தமான பைமெட்டல் லக்கோ (கம்பி நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) கனெக்டரோ அங்கே வேண்டும்.

அறிகுறி: சில விளக்குகள் மங்குகின்றன, சில அளவுக்கு மீறி எரிகின்றன

திரீ பேஸ் சப்ளையில் நியூட்ரல் அறுந்திருக்கிறது, அல்லது அறுந்துகொண்டிருக்கிறது. உடனே மெயினை அணையுங்கள். லோடு குறைவான பேஸில் உள்ள கருவிகளுக்கு 230க்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்குப் போகலாம். காத்திருந்து அளந்து பார்க்கும் நேரம் இது இல்லை.

அறிகுறி: கேமரா பகலில் ஓடுகிறது, இரவில் ரீஸ்டார்ட் ஆகிறது

12 வோல்ட்டில் ஓடும் எல்லாவற்றிலும் வீழ்ச்சி பெரிதாகக் கடிக்கும். 230இல் 3 வோல்ட் போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள்; 12இல் 3 போனால் கால் பங்கு போய்விட்டது. 60 மீட்டர் தூரத்துக்கு அரை ஸ்கொயர் கம்பியில் கேமராவுக்குச் சப்ளை கொடுத்தால், போய்த் திரும்பும் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் 4.3 ஓம். பகலில் 0.3 ஆம்பியர் இழுக்கும்போது 1.3 வோல்ட்தான் விழுகிறது, கேமரா சமாளிக்கிறது. இருட்டியதும் இன்ஃப்ரா ரெட் விளக்குகள் எரிந்து 0.8 ஆம்பியர் ஆனால் 3.5 வோல்ட் விழுந்து 8.5தான் சேரும். கேமரா அணைகிறது, லோடு போகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி எழுகிறது. விடிய விடிய இதே கதை. மறுநாள் காலை கேமராவைக் கழற்றி மேஜையில் வைத்துப் பார்த்தால் அழகாக ஓடும். லென்ஸை லேசாகத் துணியால் மூடி, இன்ஃப்ரா ரெட் எரியவிட்டு அளந்தால் பகலிலேயே பிடிபடும்.

எல்இடி ஸ்ட்ரிப்பில் தொடக்கம் வெள்ளையாகவும் கடைசி மங்கலாகவும் இருப்பது இதே விஷயம். நிறம் மாறும் ஸ்ட்ரிப் என்றால் கடைசியில் வெள்ளை சிவப்பாகச் சாயும். பச்சைக்கும் நீலத்துக்கும் சிவப்பைவிட அதிக வோல்டேஜ் வேண்டும் என்பதால் அவை முதலில் தளர்ந்துவிடுகின்றன. ஸ்ட்ரிப்பில் உள்ள மெல்லிய தகடுதான் கம்பி வேலையும் பார்க்கிறது, ஆகவே இரண்டு முனையிலிருந்தும் சப்ளை கொடுங்கள். புதிதாகப் போடுவதாக இருந்தால் 24 வோல்ட்டை எடுங்கள். அதே வாட்டுக்குக் கரண்ட் பாதி, விழும் வோல்டேஜும் பாதி, மொத்தத்தில் அதன் சதவீதம் கால் பங்குதான். பவர் சப்ளையின் திருகைத் திருப்பி வோல்டேஜை ஏற்றுவதை நான் விரும்புவதில்லை. கடைசி விளக்கு தெளியும், முதல் விளக்கு வெந்துபோகும்.

அறிகுறியே காட்டாத ஒன்று

கடைசி முனையில் பேஸும் நியூட்ரலும் ஷார்ட் ஆனால் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் ஸ்விட்ச்) உடனே விழுமா? 150 மீட்டர், 1.5 ஸ்கொயர் கம்பிக்குப் போய்த் திரும்ப 3.63 ஓம். 230ஐ அதனால் வகுத்தால் 63 ஆம்பியர். அதற்கு மேல் ஷார்ட்டிலேயே ஓடாது. 16 ஆம்பியர் சி வகை எம்சிபி கண நேரத்தில் கட்டாயம் விழ 10 மடங்கு, அதாவது 160 ஆம்பியர் வேண்டும். ஆக அது வெப்பத்தால் மெதுவாகத்தான் விழும்; பல விநாடிகள் ஆகலாம். அதுவரை ஷார்ட்டான இடம் பொறிந்துகொண்டிருக்கும். பி வகைக்கு 5 மடங்கு, 80 ஆம்பியர் போதும். அதற்குக்கூட இந்தக் கம்பி எட்டவில்லை. எர்த் பக்கம் கசிந்தால் ஆர்சிசிபி (கசியும் கரண்டை உணர்ந்து அணையும் ஸ்விட்ச்) காப்பாற்றும், ஆனால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வரும் ஷார்ட்டை அது பார்க்காது. நீளம் கூடும்போது கம்பியைப் பெரிதாக்கச் சொல்வதற்கு விளக்கின் வெளிச்சத்தைவிட எனக்கு இதுதான் பெரிய காரணம்.

ஜாயிண்ட் எல்லாம் சரி, ஆனாலும் அதிகம் விழுகிறது

அப்படியானால் கம்பியையே சந்தேகப்படுங்கள். மேலே 2.5 என்று அச்சடித்திருக்கும், உள்ளே அவ்வளவு செம்பு இருக்காது. அல்லது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கும். அதன் ரெசிஸ்டன்ஸ் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அளந்தே பார்க்க வேண்டும் என்றால் மல்டிமீட்டரின் ஓம் அளவை நம்பாதீர்கள், அதன் முள் கம்பிகளின் ரெசிஸ்டன்ஸே கணக்கைக் கெடுத்துவிடும். 100 மீட்டர் சுருளைப் பிரித்துப் போட்டு, பேட்டரியோ டிசி பவர் சப்ளையோ வைத்து 5 ஆம்பியர் ஓடவிட்டு இரு முனைக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். நல்ல 2.5 ஸ்கொயர் என்றால் 3.7 வோல்ட்டுக்குப் பக்கம் வரும். 5.5, 6 என்று வந்தால் அந்தச் சுருளைச் சுவருக்குள் போடாதீர்கள்.

தீர்வுகளில் சில எச்சரிக்கைகள்

கம்பியை மாற்றுவதாக இருந்தால் தாராளமாக மாற்றுங்கள். முதல் கணக்கில் 2.5ஐ 4 ஆக்கினால் 11.9 வோல்ட் 7.4 ஆகும், 6 ஆக்கினால் 4.9. குழி தோண்டும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். கடைசியில் பெரிய கம்பி எம்சிபியின் வாய்க்குள் நுழையவில்லை என்று இழைகளை வெட்டிச் சிறிதாக்குவதைப் பார்த்திருக்கிறேன். பெரிய கம்பிக்குச் செலவழித்த பணத்தை அந்த ஒரு சென்டிமீட்டரில் தொலைப்பதோடு, சூடாகும் ஒரு முனையையும் நாமே உருவாக்கிவிடுகிறோம். ஊசிமுனை லக் (pin lug) போடுங்கள், அல்லது பக்கத்தில் ஒரு பெட்டி வைத்து அங்கே சரியான கனெக்டரில் இறக்கி, கடைசி ஓரடிக்கு மட்டும் எம்சிபிக்குத் தகுந்த சிறிய கம்பி கொடுங்கள்.

கடைசி முனையில் ஸ்டெபிலைசர் வைப்பது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. ஸ்டெபிலைசர் வோல்டேஜை ஏற்றிக் கொடுக்க வேண்டுமானால் கம்பியிலிருந்து அதிக ஆம்பியர் இழுத்தாக வேண்டும். ஆம்பியர் கூடினால் கம்பியில் இன்னும் விழும். ஏற்கெனவே திணறும் கம்பி மேலும் சூடாகும். சப்ளையே குறைவாக வரும் இடத்துக்கு ஸ்டெபிலைசர் சரி, கம்பி போதாத இடத்துக்கு அது மருந்தில்லை.

பல சிறு லோடுகள் கடைசியில் இருந்து, மெயினில் திரீ பேஸும் இருந்தால், நான்கு கம்பி கேபிளாகக் கொண்டுபோய் மூன்று பேஸுக்கும் லோடைச் சமமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பேஸிலும் கரண்ட் மூன்றில் ஒன்று, நியூட்ரலில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அதே அளவுக் கம்பியில் வீழ்ச்சி ஆறில் ஒரு பங்காகிவிடும்.

வேலை முடிந்ததும் முழு லோடையும் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு, கம்பி சூடான பிறகு அதே மூன்று அளவுகளை மறுபடி எடுங்கள். நீளம், கம்பி அளவு, ஆம்பியர், இரு முனை வோல்டேஜ் ஆகியவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி போர்டு மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை விளக்கு மங்கும்போது, வந்து பார்ப்பவர் அந்தத் தாளிலிருந்தே தொடங்கலாம்.